மணப்பாட்டுக் கடலில் ஒரு கை சியா விதை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தவக்காலம் தொடங்கிப் பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் மணப்பாடு என்கிற ஊருக்கு நேராகக் கடலில் நடந்தது இது. நான் தூத்துக்குடிக்காரன். பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் பண்டாரி. பண்டாரி என்றால் சமையல்காரன். தோணி என்றதும் சின்னப் படகு என்று நினைத்துவிடாதீர்கள். லாரி லாரியாகச் சல்லியும் சிமெண்டும் வெங்காயமும் விழுங்குகிற மரக்கப்பல் அது. தண்டல் என்று நாங்கள் சொல்லும் கப்பல் தலைவர் ஒருவர், அவருக்குக் கீழே என்னையும் சேர்த்து ஏழு பேர்.

அப்போது எனக்கு வயது நாற்பத்தெட்டு. எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. பண்டாரி ஒல்லியாக இருந்தால் அவன் சமையலை யார் நம்புவார்கள் என்று நானே சொல்லிச் சிரிப்பேன். உப்பு பார்க்க ஒரு கரண்டி, புளிப்பு பார்க்க ஒரு கரண்டி, எல்லோரும் சாப்பிட்ட பிறகு என் பங்கு, அதற்கும் பிறகு சட்டியில் மிஞ்சியது. சோற்றைக் கடலில் கொட்ட எனக்கு மனசு வராது. அதைவிட என் வயிற்றில் கொட்டிக்கொள்வது புண்ணியம் என்று நினைப்பேன். "ஏலே, பண்டாரிய நடுவுல நிறுத்திட்டு சரக்க ஏத்துங்கலே, தோணி ஒரு பக்கமா சாயுது" என்று தண்டல் கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. என் அண்ணனும் என்னைப் போலவே உடம்புக்காரர். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவருக்கு அப்போது நாற்பத்தொன்பது. எனக்கு நாற்பத்தொன்பது பிறக்க ஐந்து மாதம் பாக்கி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மாடி ஏறி மூச்சு வாங்கும்போதெல்லாம் அந்த எண் மட்டும் மனதில் வந்து போகும்.

அந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு ஒரு நாள் தலை சுற்றியது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டினேன். ரத்த அழுத்தம் ரொம்ப அதிகம், எடை குறைந்தே ஆக வேண்டும், தினமும் ஒரு மாத்திரை, ஒரு நாள்கூட விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை, செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து ஒரு பொட்டலத்தோடு வந்தாள். கறுப்பும் சாம்பலுமாக, எள்ளைவிடப் பொடியாக ஒரு விதை.

"இதுக்குப் பேரு சியா விதையாம். குடிச்சா கொழுப்பு கரையுமாம், பிரஷர் எறங்குமாம், நெஞ்சுக்கு ரொம்ப நல்லதாம்" என்றாள். பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் கேட்டாளாம். "சப்ஜா விதைக்குத் தூரத்துச் சொந்தம்மா, வெளிநாட்டுச் சரக்கு" என்று சொல்லி, விலையையும் வெளிநாட்டுக்குத் தகுந்தபடி வாங்கிவிட்டாராம்.

முதல் நாள் அவள் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு கரண்டி விதையைப் போட்டு என் முன்னால் வைத்தாள். அரை மணி நேரம் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றி ஒரு கண்ணாடிச் சட்டை போட்டுக்கொண்டது. பொடி மண் மாதிரி கிடந்தது, கண்ணெதிரே பெருத்து, வழுவழுவென்று, டம்ளர் பூராவும் நிறைந்துவிட்டது. இத்துனூண்டு விதை இவ்வளவு தண்ணீரை எங்கே வைத்துக்கொள்கிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியப்பட்டேனே தவிர, அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. தவளை முட்டை மாதிரி இருக்கிறதே, இதைக் குடிக்க வேண்டுமா, வளர்க்க வேண்டுமா என்று கேட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வெளியே வந்ததும், என் மனைவி கையை நீட்டிச் சத்தியம் கேட்டாள். நாற்பது நாள் கறி கூடாது, இரண்டாவது முறை சோறு கூடாது, காலையில் தவறாமல் விதை. "ஒரு நாளு தப்புனாலும் மாதாகிட்ட நீங்கதான் பதில் சொல்லணும், நான் வர மாட்டேன்" என்றாள். நேர்ச்சையாக ஏற்றுக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்கு மாத்திரையை மறப்பது சுலபம், நேர்ச்சையை மீறுவது நடக்காத காரியம்.

இங்கேதான் நான் ஒரு மடத்தனம் செய்தேன். விதையைக் குடிக்கத் தொடங்கியதும் வயிறு லேசானது போல இருந்தது. பசி கொஞ்சம் அடங்கியது. சரி, மருந்துக்கு மருந்தாகத்தான் இது வந்துவிட்டதே, மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிட்டேன். மாத்திரை அட்டை என் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. மனைவிக்குத் தெரியாது.

தவக்காலத்தின் நடுவே பயணம் வந்தது. விடியும்போது துறைமுகத்தைவிட்டுக் கிளம்பினோம். கடல் அன்று நல்ல பிள்ளையாக இருந்தது. எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்து, உளுந்தங்கஞ்சி காய்ச்சி ஊற்றி, பாத்திரங்களை உப்புத் தண்ணீரில் கழுவி முடித்தபோது வலது பக்கம் தொலைவில் மணப்பாட்டு மேடும் அதன்மேல் கோயிலும் வெள்ளையாகத் தெரிந்தன. எங்கள் தண்டல் மணப்பாட்டுக்காரர். ஊர் தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கு நேர்ச்சை ஞாபகம் வந்தது. அன்றைக்கு விதை சாப்பிடவில்லை.

தோணியில் நல்ல தண்ணீர் பண்டாரியின் பொறுப்பு. கடலில் காற்று மாறும், இயந்திரம் படுக்கும், மூன்று நாள் பயணம் ஆறு நாளாகும். ஆகையால் பீப்பாயின் மூடியைத் திறக்கிற உரிமை எனக்கு மட்டும்தான். ஆளுக்கு இத்தனை டம்ளர் என்று கறாராக அளந்து ஊற்றுவேன், தண்டலே கேட்டாலும் ஒரு மடக்கு கூடுதலாகக் கொடுக்க மாட்டேன். இருபது வருடமாக அந்தப் பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தேன். அன்று காலை என் பங்கை இரண்டு டம்ளர் டீயாகக் குடித்துத் தீர்த்துவிட்டேன். மிச்சம் இருந்தது கால் டம்ளர். விதை ஊற ஒரு டம்ளர் வேண்டும். என் தொப்பைக்காக ஊரார் பங்கில் கை வைப்பதா என்று மனசு கேட்கவில்லை. மத்தியானப் பங்கில் ஊறப்போட்டுக் குடித்திருக்கலாமே என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்போது அந்தப் புத்தி வரவில்லை. பொரிகடலை போடுகிற மாதிரி ஒரு கை நிறைய விதையை அப்படியே வாயில் போட்டு, இருந்த கால் டம்ளர் தண்ணீரையும் ஊற்றி விழுங்கினேன். நேர்ச்சையும் தப்பவில்லை, தண்ணீரும் மிச்சம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்கு நடுவே எதையோ வைத்து அழுத்துவது போல இருந்தது. ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று பார்த்தேன், வரவில்லை. வலி முதுகுவரை போனது. எச்சிலை விழுங்கினால் இறங்கவில்லை, திரும்பி வாய்க்கு வந்தது. உடம்பு குப்பென்று வியர்த்தது. அண்ணன் ஞாபகம் வந்தது. எனக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்று நினைத்திருந்தேனே, அதுகூட இல்லையா என்று தோன்றியது. சமையல் கூண்டின் கதவைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன்.

தண்டல் ஓடி வந்தார். "என்னலே செய்யுது? நெஞ்சு அடைக்குதா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் கண்ணுக்குள் வைத்துக் காத்த பீப்பாயை யாரோ திறந்து செம்பு செம்பாகத் தண்ணீர் கொண்டுவந்து என் வாயில் ஊற்றினார்கள். ஊற்றியது அத்தனையும் மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் வெளியே வந்தது. தண்ணீர் ஊற்ற ஊற்ற வலி கூடியது. முதலுதவிப் பெட்டியில் இருந்த நெஞ்சு வலி மாத்திரையைக் கடித்து விழுங்கச் சொன்னார்கள். அதுவும் இறங்கவில்லை. விதை சாப்பிட்டதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. நெஞ்சுக்கு நல்லது என்று சாப்பிட்டது நெஞ்சை அடைக்கும் என்று யார் நினைப்பார்கள்?

கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், ஆனால் பாரம் ஏற்றிய தோணியை அந்தக் கரைக்குக் கொண்டுபோக முடியாது, தரை தட்டிவிடும். தூத்துக்குடிக்குத் திருப்பினால் நாலைந்து மணி நேரம். தண்டல் செல்போனை எடுத்து உயரப் பிடித்து, சிக்னல் தேடி, தன் ஊருக்குப் பேசினார். இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. "வாரானுவ" என்று மட்டும் சொன்னார்.

முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு பைபர் படகு வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. அதில் இரண்டு பேர். ஒருவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், சட்டை போடவில்லை, உடம்பெல்லாம் மீன் செதில். இழுத்துக்கொண்டிருந்த வலையை மிதவை கட்டிக் கடலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

இப்போது என்னைத் தோணியிலிருந்து படகுக்கு இறக்க வேண்டும். தோணியின் மேல்தட்டு இரண்டு ஆள் உயரம். கீழே படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. கயிற்று ஏணியில் இறங்க எனக்குத் தெம்பில்லை. தண்டல் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மூட்டை இறக்குகிற வலையைக் கொண்டுவரச் சொன்னார்.

ஆமாம், வெங்காய மூட்டையையும் அரிசி மூட்டையையும் கப்பியில் கோத்து இறக்குகிற அதே வலையில்தான் என்னை உட்கார வைத்தார்கள். ஆறு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். வழக்கமாகப் பாரம் இறக்கும்போது எங்கள் ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள், பாட்டும் கேலியும் கெட்ட வார்த்தையுமாகத்தான் இறக்குவார்கள். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் தலைக்கு மேலே கேட்டது. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். ஒருவன் காலைப் பலகையில் முட்டுக்கொடுத்து நின்றான். "மெள்ள விடுங்கலே, மெள்ள. அரிசி மூட்ட இல்ல, நம்ம ஆளு" என்று தண்டல் சொன்னார்.

அந்தரத்தில் தொங்கிய அந்த மூன்று நிமிடத்தில் எனக்கு வலியைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. அதுவரை என் எடை எனக்கு ஒரு எண்தான். வேறு ஆட்கள் தூக்குவதைப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு பாரம் என்று தெரிந்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்த கேலிகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து, கண்ணை மூடிக்கொண்டேன். சட்டை போடாத அந்த மனிதர் கீழிருந்து இரண்டு கையையும் நீட்டி என் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் படகில் உட்கார வைத்தார்.

"பேசாதீங்க அண்ணே. நிமிந்து உக்காருங்க. எச்சிய முழுங்காதீங்க, துப்பிக்கிட்டே வாங்க" என்று என் வாயில் எச்சில் வழிவதைப் பார்த்துச் சொல்லி, என் முதுகுக்குத் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். கரை சேரும்வரை அவர் முதுகுதான் எனக்கு நாற்காலி. மணப்பாட்டுக் கரையில் மணலில் காத்திருந்தவர்கள் ஒரு பலகையில் வைத்து என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எத்தனை பேர் என்று எண்ணக்கூட முடியவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றியபோது அந்த மனிதரும் சட்டை இல்லாமல் அப்படியே ஏறி, தூத்துக்குடி வரை நான் துப்புவதற்கு ஒரு டப்பாவைப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் யார் என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் அம்மா தாளைப் பார்த்துவிட்டு, மாரடைப்பு மாதிரி தெரியவில்லை என்றார். ரத்தமும் எடுத்துச் சோதித்தார்கள். எச்சில் இறங்கவில்லை என்று சைகையில் காட்டினேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். டீ, கஞ்சி என்று சொல்லி, கொஞ்சம் தயங்கி, விதையையும் சொன்னேன். ஊறவைத்தா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே ஒரு நொடி பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

வாய் வழியாகக் குழாய் விட்டு, உணவுக்குழாயில் பசை மாதிரி இறுகிக் கிடந்த விதைக் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்து வயிற்றுக்குள் தள்ளினார்கள். டம்ளரில் நான் வேடிக்கை பார்த்த அதே வித்தைதான், என் நெஞ்சுக்குள்ளே நடந்திருக்கிறது. குழாயை வெளியே எடுத்ததும் முதல் காரியமாக எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். இறங்கியது. அப்பா, ஒரு வாய் எச்சில் இறங்குவதில் இவ்வளவு சுகம் இருக்கிறதா என்று கண்ணீர் வந்துவிட்டது. சட்டை போடாத மனிதரைத் தேடினேன். விஷயம் சரியாகிவிட்டது என்று கேட்டதும் பஸ் பிடிக்கப் போய்விட்டார் என்றார்கள்.

அதோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். டாக்டர் விடவில்லை. என் ரத்த அழுத்தத்தை மூன்று முறை அளந்தார், மூன்று முறையும் அவர் முகம் மாறியது. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டபோது, தகவல் கேட்டு ஓடி வந்திருந்த என் மனைவி பக்கத்தில் நின்றாள். "தவறாம சாப்பிடுதாவ" என்று எனக்கு முந்தி அவளே பதில் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"விதை மேல தப்பில்ல. ஊறவச்சு அளவா சாப்பிட்டா நல்லதுதான். நார்ச்சத்து இருக்கு, நல்ல கொழுப்பு இருக்கு. ஆனா உங்களுக்குப் பதிலா அது மாத்திர சாப்பிடாது, நடக்காது, சோத்தக் குறைக்காது" என்றார் டாக்டர். பிறகு, ஈ.சி.ஜி.யில் வேறொன்று தெரிகிறது, இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்துவிடலாம் என்றார்.

மறுநாள் காலை ஒரு சின்ன இருட்டறையில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். நெஞ்சில் சில்லென்று ஏதோ பசையைத் தடவி, ஒரு கருவியை விலா எலும்புக்கு நடுவே வைத்து அழுத்தினார் டாக்டர். என் தலைமாட்டில் இருந்த திரை வெளிச்சமானது. முதலில் மழைநாள் டி.வி. மாதிரி சாம்பல் நிறப் புள்ளிகள்தான் தெரிந்தன. அவர் கருவியைக் கொஞ்சம் திருப்பினார். சட்டென்று அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஒன்று அசைந்தது.

"இதுதான் உங்க இதயம். பாருங்க" என்றார்.

சுருங்குகிறது, விரிகிறது. சுருங்குகிறது, விரிகிறது. உள்ளே இரண்டு மெல்லிய கதவுகள். உயிருள்ள மீன் செவுளைத் திறந்து மூடுகிற மாதிரி, அவை திறக்கின்றன, மூடுகின்றன. எவ்வளவு மெல்லிசு! ஊதினால் கிழிந்துவிடும் போல இருந்தது. அதன் வழியாகத்தான் என் ரத்தம் முழுவதும் போகிறதாம். அவர் ஏதோ பட்டனை அமுக்கினார். சத்தம் கேட்டது. நான் டிக் டிக் என்று கேட்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அடித்துத் துவைக்கிற மாதிரி, சளப் சளப் என்று ஒரு பெரிய உழைப்பின் சத்தம். அவ்வளவு சத்தத்தோடு ஒரு வேலை எனக்குள் நடந்துகொண்டிருக்கிறது, எனக்குக் கேட்டதே இல்லை.

"இது எப்ப இருந்து ஓடுது?" என்று கேட்டேன். கேள்வி பைத்தியக்காரத்தனமாக இருந்திருக்கும்.

"உங்க அம்மா வயித்துல நீங்க ஒரு மொச்சக்கொட்டை அளவு கூட இல்லாதப்பவே ஆரம்பிச்சாச்சு" என்றார்.

"நடுவுல நிக்கவே இல்லையா?"

"நின்னிருந்தா நீங்க இங்கன வந்து என்கிட்ட கேள்வி கேப்பீங்களா?"

பிறகு அவர் திரையில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். இதயத்தின் ஒரு பக்கச் சுவர் தடித்திருக்கிறது என்றார். கனமான மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தோள் திரள்வது போல, அதிக அழுத்தத்தில் அதிக உடம்புக்கு ரத்தம் தள்ளித் தள்ளி அது தடித்துவிட்டதாம். தோள் திரண்டால் பலம், இதயம் தடித்தால் ஆபத்து. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தால் அது தளர்ந்துபோயிருக்கும். இப்போது பாரத்தைக் குறைத்து, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் திரும்பவும் தேறும் என்றார்.

எனக்கு அந்தக் கயிறு ஞாபகம் வந்தது. ஆறு ஆண்பிள்ளைகள், கடலில் உழைத்து முறுக்கேறிய கைகள், என்னை மூன்று நிமிடம் தாங்குவதற்குள் மூச்சு வாங்கிப் போனார்கள். என் ஒரு கைமுட்டி அளவு இருக்கிற இது, கூட மாற ஆளில்லாமல், நான் தூங்கும்போதும், நான் மூன்றாவது தட்டுச் சோறு போட்டுக்கொள்ளும்போதும், என்னைத் தாங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. கை சோர்ந்தால் மாற்றிப் பிடிக்கலாம், இதற்கு மாற்றுக் கை கிடையாது. படுத்தபடியே விம்மி விம்மி அழுதேன். டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை, பாவமாக இருக்கிறது என்றேன். அவருக்கு நான் சொன்னது புரிந்ததோ இல்லையோ, கருவியை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கவிட்டார்.

தோணி ஓடுகிற அந்தப் பருவம் முழுக்க நான் கரையில்தான். நான் இல்லாமல் மாலத்தீவுக்குப் போன தோணியில் கஞ்சி அடிப்பிடித்துக் குழம்பில் உப்பு கூடி, நம்ம பண்டாரி அருமை இப்பத்தான் தெரியுது என்று தண்டலே சொன்னாராம். மனைவி ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு நான் விழுங்கும்வரை நின்று பார்ப்பாள், போய்விடுவாள். எட்டாவது நாள், "சாவுறதா இருந்தா என்கிட்ட சொல்லிட்டாவது சாவுங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு அவளிடம் நான் எதையும் மறைக்கவில்லை. அண்ணனின் வயதைப் பற்றிய பயத்தையும் அன்றுதான் சொன்னேன். எனக்கும் அதே பயம்தான் என்றாள். இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கமாக ஒளித்து வைத்திருந்திருக்கிறோம்.

உடம்பு தேறியதும் மணப்பாட்டுக்குப் போய் அந்தச் சட்டை போடாத மனிதரைத் தேடிக் கண்டுபிடித்தேன். அன்று சட்டை போட்டிருந்தார், அதனால் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வலை என்ன ஆயிற்று என்று கேட்டேன். பாதி கிடைத்தது என்றார். மீதிப் பாதிக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதும் முகம் கடுத்துவிட்டது. "கடல்ல ஆளு கெடக்கையில வலையப் பாப்பாங்களா அண்ணே? போய் உடம்பப் பாருங்க" என்றார்.

உடம்பைப் பார்த்தேன். காலையில் கடற்கரைச் சாலையில் நடை. சோறு ஒரு தட்டு, கூட்டும் கீரையும் இரண்டு பங்கு. விதையையும் விடவில்லை, இரவே மோரில் ஊறப்போட்டுக் காலையில் ஒரு கரண்டி. அடுத்த பருவத்தில் தோணிக்குத் திரும்பியபோது பத்தொன்பது கிலோ குறைந்திருந்தேன். நாற்பத்தொன்பதாவது பிறந்த நாள் எப்போது வந்து போனது என்றே தெரியவில்லை.

ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்க வரச் சொன்னார்கள். இந்தத் தடவை என் மனைவியையும் உள்ளே கூட்டிப் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். சரி என்றார். இருட்டறையில் அவள் என் கால்மாட்டில் நின்றாள். திரையில் அது வந்தது. அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "ஏ மாதாவே, யாரு ஓட்டுதா இத?" என்றாள். டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, சுவரின் தடிப்பு குறைந்திருக்கிறது என்றார். அவளுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய், குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி, அது துடிக்கிற இடத்தில் ஒரு விரலை வைத்தாள்.

அவள் விரலுக்கு அடியில் அது துடித்ததைப் பார்த்த நாளிலிருந்து, ஒவ்வொரு முறை சோற்றில் கை வைக்கும்போதும் உள்ளே தூங்காமல் சுமக்கிற அந்த ஒன்றை நினைத்துக்கொள்கிறேன், கை தானாகவே கொஞ்சம் குறைவாக அள்ளுகிறது.